ஜூபிட்டர் முகாமில் யார் தேறுவார்கள்? கார்டினல்ஸ் ரசிகர்களின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் அணியான செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் பயிற்சி முகாம் 2026 பிப்ரவரி நடுவில் ஃப்ளோரிடாவின் ஜூபிட்டரில் தொடங்குகிறது. 2025 முடிவதற்குள் மூத்த வீரர்கள் சானி க்ரே, வில்சன் கான்ட்ரெராஸ் இருவரையும் பாஸ்டன் அணிக்குக் கொடுத்துவிட்டு, புதிய தலைமையில் அணியைத் திரும்பக் கட்டும் வேலை நடக்கிறது. அதனால் வந்த கடிதங்களில் முக்கால்வாசி இளைஞர்களைப் பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

இளம் வீரர் ஜேஜே வெதர்ஹோல்ட் 2026 மார்ச் 26 தொடக்க ஆட்டத்தில் இறங்குவாரா? இல்லை, வழக்கம்போல் “இன்னும் கொஞ்சம் பக்குவப்படட்டும்” என்று மெம்ஃபிஸ் மைனர் லீக் அணிக்கு அனுப்பிவிடுவார்களா?
— செஸ்டர்ஃபீல்ட், மிசௌரி

இறங்க வேண்டும். ஆட்டத்தைப் பொறுத்தவரை பக்குவம் பற்றிப் பேச இடமே இல்லை. 2024 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஏழாவதாக எடுக்கப்பட்டவர், 2025இல் ஸ்ப்ரிங்ஃபீல்டில் டபுள்-ஏ, மெம்ஃபிஸில் டிரிபிள்-ஏ என்று மைனர் லீக்கின் மேல் இரண்டு படிகளையும் ஒரே ஆண்டில் கடந்தார். பேட்டிங் சராசரி .306, ஹோம் ரன் 17, திருடிய பேஸ் (பந்தை யாரும் அடிக்காமலே ஓடிப் பிடித்தவை) 23. மேலே போகப் போக அடி பலமானது என்பதே கவனிக்க வேண்டியது. பலருக்கு டிரிபிள்-ஏ வந்ததும் பவர் குறையும், இவருக்குக் கூடியது.

நீங்கள் சந்தேகப்படும் “பக்குவம்” உண்மையில் நாள்கணக்கு. மேஜர் லீக் சீசன் சுமார் 187 நாள். அதில் 172 நாள் ரோஸ்டரில் (மேஜர் லீக் அணிப் பட்டியலில்) இருந்தால் ஒரு முழு ஆண்டு சேவை. ஆறு ஆண்டு சேர்ந்தால் வீரர் சுதந்திரமாக வேறு அணி தேடலாம். ஆகவே ஏப்ரலில் இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகமாகக் கீழே வைத்தால், கிளப்புக்கு ஏழாவது ஆண்டு ஒன்று கையில் நிற்கும். 2015இல் சிகாகோ கப்ஸ் அணி கிரிஸ் பிரையன்ட்டிடம் செய்தது இதுதான். முகாமில் 9 ஹோம் ரன் அடித்தவரை அயோவா மைனர் லீக் அணிக்கு அனுப்பி, ஏப்ரல் 17 அன்று அழைத்தார்கள். அந்த ஆண்டு அவர் கணக்கில் விழுந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு! அவர் கொடுத்த புகாரும் 2020இல் தள்ளுபடியானது.

இப்போது எதிர்ப்பக்கத் தட்டிலும் எடை இருக்கிறது. லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2022 ஒப்பந்தப்படி, இளம் வீரர்களின் முக்கியமான முதல்-100 பட்டியல்களில் இரண்டிலாவது இடம்பெற்ற புதியவரை முழு ஆண்டும் மேலே வைத்து, அவர் சிறந்த புதுமுகமாகத் தேர்வானால் கிளப்புக்கு முதல் சுற்றை ஒட்டி ஒரு கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பு கிடைக்கும். சியாட்டில் 2022இல் ஹூலியோ ரோட்ரிகஸை முகாமிலிருந்து நேரே இறக்கி அதைப் பெற்றது. தவிர, புதுமுக விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால், தாமதமாக அழைக்கப்பட்டவருக்கும் முழு ஆண்டு சேவை வழங்கப்பட்டுவிடும். வெதர்ஹோல்ட் தரத்துப் பையனை ஒளித்துவைத்தால் கிளப்புக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்.

களத்தில் பார்க்க வேண்டியது இரண்டு. ஷார்ட்ஸ்டாப் இடம் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே) மேசன் வின்னுடையது. 2025இல் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் க்ளவ் விருது வாங்கியவர், நகரமாட்டார். எனவே வெதர்ஹோல்ட் இரண்டாம் பேஸிலோ மூன்றாம் பேஸிலோ நிற்பார். இரண்டாம் பேஸில் டபுள் பிளே (ஒரே பந்தில் இருவரை அவுட்டாக்குவது) செய்யும்போது ஓடிவருபவர் முதுகுப்பக்கம் வருவார். பந்தை வாங்கி, பேஸை மிதித்து, உடலைத் திருப்பி எறிய வேண்டும். ஷார்ட்ஸ்டாப்புக்கு எல்லாமே கண்முன் நடக்கும், இங்கே அது கிடையாது. முதல் இரண்டு வாரத்தில் எறிதல் தாழ்ந்து போனால் பதற வேண்டாம். மார்ச் நடுவிலும் அப்படியே இருந்தால் கவலைப்படலாம். இரண்டாவது, கல்லூரி நாளில் தொடைப் பின்தசையில் காயம் பட்டவர். முதல் பேஸைத் தாண்டி ஓடும்போது வேகத்தை அடக்குகிறாரா என்று பாருங்கள்.

நடைமுறைச் சிக்கல் ஒன்றுண்டு. முகாம் தொடங்கும்போது அவர் அணியின் 40 பேர் பட்டியலில் (மேஜர் லீக்கில் ஆட இதில் இருக்க வேண்டும்) இல்லை. 2024இல் கல்லூரியிலிருந்து வந்தவரை 2027 முடிவு வரை அதில் சேர்க்க வேண்டிய கட்டாயமில்லை. முகாமுக்கு விருந்தாளியாக வருகிறார். ஏற்ற வேண்டுமென்றால் ஒருவரை நீக்கி இடம் ஒழிக்க வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் யாரோ ஒரு ரிலீவர் (ஆட்டத்தின் பிற்பகுதியில் இறங்கும் பிட்சர்) விடுவிக்கப்பட்டார் என்று செய்தி வந்தால், காரணம் இதுவாக இருக்கலாம்.

முகாமில் .400 அடிப்பவரை ஏன் நம்பக் கூடாது என்கிறீர்கள்? அடி அடிதானே?
— எடிசன், நியூ ஜெர்சி

ஜாக்கி பிராட்லி ஜூனியர் 2013 முகாமில் .419 அடித்தார். பாஸ்டன் அவரைத் தொடக்க நாளிலேயே யாங்கீஸுக்கு எதிராக இறக்கியது. அந்த ஆண்டு 37 ஆட்டத்தில் அவர் சராசரி .189.

கணக்கைப் பாருங்கள். முகாம் முழுக்க ஒருவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 50 வாய்ப்பு. 15 ஹிட் என்றால் .300, 12 ஹிட் என்றால் .240. இந்த மூன்று ஹிட்டும் ஃபீல்டர் தலைக்கு மேல் மெதுவாக விழுந்த பந்தாக இருக்கலாம், ஜூபிட்டர் காற்று தள்ளிவிட்டதாக இருக்கலாம். அதை வைத்து ஆளை நிறுப்பது வீண்வேலை.

எதிரே யார் எறிந்தார் என்பதே முதல் கேள்வி. முதல் நான்கைந்து இன்னிங்ஸில் நிலையான வீரர்கள் ஆடுவார்கள்; ஆறாவது இன்னிங்ஸுக்குள் அவர்கள் குளித்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். பிறகு வருபவர்களில் முதுகில் 90களில் எண், பெயரில்லாத சட்டை என்று தெரிந்தால், அன்றைக்கு மட்டும் மைனர் லீக் முகாமிலிருந்து கூட்டிவந்த பையன். எட்டாவது இன்னிங்ஸில் அவரிடம் அடித்த ஹோம் ரன், மூன்றாவது இன்னிங்ஸில் நியூயார்க் மெட்ஸின் முதல் பிட்சரிடம் வாங்கிய ஒரு “வாக்”குக்கு (நான்கு தவறான பந்தால் கிடைக்கும் முதல் பேஸ்) ஈடாகாது. பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளத்தில் முகாம் புள்ளிவிவரத்தோடு எதிராளியின் தரத்துக்கு ஒரு எண் இருக்கும்: 10 என்றால் மேஜர் லீக், 8 என்றால் டிரிபிள்-ஏ. 7க்குப் பக்கத்தில் இருப்பவரின் .400ஐ ரசித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

கார்டினல்ஸுக்கு இன்னொரு வளைவும் உண்டு. ஜூபிட்டர் மைதானத்தை மார்லின்ஸோடு பகிர்கிறார்கள். தெற்கே வெஸ்ட் பாம் பீச்சில் ஆஸ்ட்ரோஸும் நேஷனல்ஸும். வடக்கே போர்ட் செயின்ட் லூசியில் மெட்ஸ். ஃப்ளோரிடாவின் மற்ற அணிகள் தொலைவில் இருப்பதால் மறுபடி மறுபடி இந்த நாலு அணியோடுதான் ஆட்டம். ஒரே பிட்சரை மூன்று முறை பார்த்துவிட்ட பேட்ஸ்மேனுக்கு நான்காம் முறை சுலபம்.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? ஸ்ட்ரைக்அவுட்டும் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) “வாக்”கும். ஸ்ட்ரைக்அவுட் விகிதம் 60 வாய்ப்புக்குள்ளேயே ஓரளவு உண்மையைச் சொல்லத் தொடங்கும். சராசரிக்கு அதைப் போலப் பல மடங்கு ஆட்டம் வேண்டும். கூடவே பந்து மட்டையிலிருந்து கிளம்பும் வேகம். அணியின் இளம் அவுட்ஃபீல்டர் ஜோர்டன் வாக்கர் விஷயத்தில் அந்த வேகம் எப்போதுமே குறைந்ததில்லை. பந்தைத் தரையில் உருட்டுவதும், வெளியே ஓடும் பந்துக்கு வீசுவதும்தான் அவருடைய வியாதி. முகாமில் அவர் அடித்த ஹோம் ரன்களை எண்ணாமல், வெளிப்பக்கம் வளையும் ஸ்லைடர் பந்தை எத்தனை முறை விட்டார் என்று எண்ணுங்கள்.

அவுட்ஃபீல்டர் லார்ஸ் நூட்பாருக்கு இரண்டு குதிகாலிலும் அறுவை சிகிச்சை. தொடக்கத்தில் வரமாட்டார் என்றால் மைனர் லீக்கிலிருந்து ஜோஷுவா பயஸை ஏற்றலாமே? 20 ஹோம் ரன், 54 திருட்டு! வேறென்ன வேண்டும்?
— இர்விங், டெக்சஸ்

டிரிபிள்-ஏ வேண்டும். பயஸ் 2025ஐ முடித்தது ஸ்ப்ரிங்ஃபீல்டில். மெம்ஃபிஸில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை.

இதே படத்தை 2024இல் பார்த்தோம். எட்மனுக்கு மணிக்கட்டு, நூட்பாருக்கு விலா, முகாம் முடியும் தறுவாயில் வாக்கரோடு மோதி கார்ல்சனுக்குத் தோள். சென்டர் ஃபீல்டில் நிற்க ஆளில்லை. முந்தைய ஆண்டு மைனர் லீக்கில் 94 பேஸ் திருடிய விக்டர் ஸ்காட்டை, டிரிபிள்-ஏவே பார்க்காதவரை, நேராக இறக்கினார்கள். 59 வாய்ப்பில் 5 ஹிட். சராசரி .085. ஏப்ரலிலேயே மெம்ஃபிஸ் போனார். டபுள்-ஏ பிட்சர் ஸ்ட்ரைக் வேண்டுமென்றால் வேகப்பந்து எறிவார். டிரிபிள்-ஏவில் முப்பது வயது ஆள், 2-0 (இரண்டு தவறான பந்து, ஸ்ட்ரைக் இல்லை) என்ற நிலையிலும் வேகம் குறைத்து ஏமாற்றும் சேஞ்சப் எறிவார். அந்தப் பாடத்தை நாற்பதாயிரம் பேர் முன்னால் கற்றுக்கொள்ள வைத்ததுதான் தவறு. ஸ்காட் 2025இல் இடத்தைப் பிடித்து 34 பேஸ் திருடினார், ஆனால் சராசரி .216. கால் இருக்கிறது, கை இன்னும் வரவில்லை.

பயஸின் பழைய குறை ஸ்ட்ரைக்அவுட். 2025இல் வீச்சைத் திருத்தி அதைக் குறைத்துக் காட்டினார். அது நிலைத்ததா என்பதற்கு மெம்ஃபிஸில் இரண்டு மாதம் சாட்சி சொல்லட்டும். முகாமில் முதல் சுற்றிலேயே அவரைக் கீழே அனுப்பினால் கோபப்படாதீர்கள், நல்லதுக்குத்தான். மைனர் லீக் முகாமின் பின்மைதானங்களில் ஒரே ஆளை ஒவ்வொரு இன்னிங்ஸிலும் முதலாவதாக பேட் செய்ய விடுவார்கள். மேலே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வாய்ப்பு பார்ப்பதைவிட, ஒரு மதியத்தில் ஆறு வாய்ப்பு பெரிது.

நம் பழைய நட்சத்திரம் ஆல்பர்ட் புஹோல்ஸ் டிரிபிள்-ஏ எங்கே ஆடினார்? 2001 முகாமிலிருந்து நேரே வந்து 37 ஹோம் ரன் அடிக்கவில்லையா?
— செயின்ட் லூயிஸ்

அடித்தார். .329, 37 ஹோம் ரன், தன் அடியால் அணிக்குச் சேர்த்த ரன் (ஆர்பிஐ) 130. புதுமுக விருதை ஒருமனதாக வாங்கினார். டிரிபிள்-ஏவில் வழக்கமான சீசனில் மூன்றே ஆட்டம். மூத்த வீரர் பாபி பொனியாவின் தொடைத்தசை அந்த மார்ச்சில் பிடிக்காமல் இருந்திருந்தால் அவருக்குத் தொடக்க நாளில் இடம் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

ஆனால் 2000ஆம் ஆண்டு மைனர் லீக்கில் அவருடைய ஸ்ட்ரைக்அவுட் கணக்கை எடுத்துப் பாருங்கள்: முழு சீசனுக்கும் 50ஐத் தொடவில்லை. இருபது வயதில் பவரும் அடித்து, பந்தையும் தவறவிடாதவர். அந்த மாதிரி ஆள் தலைமுறைக்கு ஒருவர். அவரை முன்னுதாரணமாக வைத்து மற்றவர்களை ஏற்றினால், பாதிக்கப்படுவது அந்த மற்றவர்கள்தான். இன்றைய பையன்களில் இந்தக் கணக்குக்குக் கொஞ்சமாவது கிட்டே வருபவர் வெதர்ஹோல்ட் ஒருவரே; அவருக்கும் மெம்ஃபிஸில் 47 ஆட்டம் கொடுத்துவிட்டார்கள்.

பிட்சர்கள்? லியம் டாயில், குவின் மாத்யூஸ் இருவரில் யார் முதலில் வருவார்?
— பிளேனோ, டெக்சஸ்

டாயில் 2025 டிராஃப்டில் ஐந்தாவது தேர்வு, டென்னசி பல்கலைக்கழக இடக்கையர். மேல்பக்கம் எறிந்தால் விழாமல் வரும் அந்த வேகப்பந்துக்கு டபுள்-ஏவில்கூட ஸ்ட்ரைக்அவுட் கிடைக்கும். ஆனால் தொழில்முறையில் இதுவரை எறிந்தது விரல்விட்டு எண்ணும் இன்னிங்ஸ். முகாமில் ஓரிரு முறை காட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள், ஏப்ரலில் எதிர்பார்க்காதீர்கள்.

மாத்யூஸ் அப்படியில்லை. 2024இல் நான்கு படிகளில் எறிந்து 202 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவர். 2025இல் தோள் வலி, கூடவே வாக் மேல் வாக். டிரிபிள்-ஏவில் ஸ்ட்ரைக் கட்டத்தை இயந்திரம் சரிபார்ப்பதால், ஓரத்தை உரசிப் பிழைக்கும் பிட்சருக்கு அங்கே கருணை கிடையாது. இந்த முகாமில் அவருக்கு ஒரே அளவுகோல்: முதல் பந்து ஸ்ட்ரைக்கா? பத்தில் ஆறு முறை ஆமென்றால் மே மாதத்துக்குள் பார்க்கலாம். கூப்பர் ஹியர்பி, டெகோவா ரோபி இருவரும் 2025இல் முழங்கை அறுவை செய்துகொண்டவர்கள். அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பிட்சரின் முகாமை வாசிக்கும் முறை வேறு. முதல் ஆட்டத்தில் ஓர் இன்னிங்ஸ், 15 முதல் 20 பந்து. அதன்பின் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய 15 பந்து கூட்டி, மார்ச் கடைசியில் 85–90. பிப்ரவரியில் வேகம் வழக்கத்தைவிட மணிக்கு இரண்டு மைல் குறைந்தால் அது குளிர்காலத் துரு. மார்ச் 20க்குப் பிறகும் அதே குறைவு என்றால் தோளையோ முழங்கையையோ சந்தேகிக்கலாம். ரன் கொடுத்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது: புதிதாகக் கற்ற கட்டர் என்ற பந்துவகையை மட்டுமே ஓர் இன்னிங்ஸ் முழுக்க எறிந்து பார்ப்பவர் உண்டு, மூன்று ஹோம் ரன் வாங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்குவார். இன்னிங்ஸ் நடுவில் வெளியேறிய பிட்சர் அடுத்த இன்னிங்ஸில் திரும்ப வந்தால் திகைக்காதீர்கள், முகாமில் அதற்கு அனுமதி உண்டு.

ஹெரேரா கேட்சராக வருவாரா? இளம் கேட்சர் ஜிம்மி க்ரூக்ஸ் என்ன ஆவார்?
— நேப்பர்வில், இல்லினாய்

ஈவான் ஹெரேராவின் மட்டையைப் பற்றிக் கேள்வியே இல்லை: 2025இல் .284, 19 ஹோம் ரன். எறியும் கைதான் கேள்வி. முழங்கையில் எலும்புத் துணுக்கை நீக்கும் அறுவை முடிந்திருக்கிறது. முதல் இரண்டு வாரம் அவர் பேட் மட்டும் செய்வார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பேஸுக்கு அவர் எறியும் பந்து ஒரு முறை தரையில் குதித்துப் போகிறதா, நேராகப் போகிறதா? அதைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

க்ரூக்ஸுக்கு 2026இல் ஒரு மறைமுக லாபம். இந்த ஆண்டு முதல் நடுவரின் ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்து முறையிடலாம். அணிக்கு இரண்டு முறையீடு. சரியாக இருந்தால் கையிருப்பு குறையாது. பேட்ஸ்மேன், பிட்சர், கேட்சர் மூவருக்கு மட்டுமே உரிமை. உடனே தலையைத் தட்ட வேண்டும், பெஞ்சிலிருந்து சைகை வரக் கூடாது. ஸ்ட்ரைக் கட்டத்தின் மேல் எல்லை பேட்ஸ்மேன் உயரத்தில் 53.5 சதவீதம், கீழ் எல்லை 27 சதவீதம். பிட்சர் எப்போதும் தன் பந்து ஸ்ட்ரைக் என்றே நினைப்பார், ஆகவே முறையிடும் பொறுப்பு கேட்சர் தலையில் விழும். 2025 முழுக்க டிரிபிள்-ஏவில் இந்த முறை இருந்தது. க்ரூக்ஸ் அதில் பழகியவர், வெதர்ஹோல்டும்தான். மூத்தவர்கள் முகாமில் கற்றுக்கொள்வதை இவர்கள் பாடமாகவே வைத்திருக்கிறார்கள்.

உலக பேஸ்பால் கிளாசிக் முகாமைக் கெடுக்காதா?
— டொராண்டோ

மார்ச் 5 முதல் 17 வரை நாட்டு அணிகளுக்குப் போகும் வீரர்கள் ஜூபிட்டரில் இருக்கமாட்டார்கள். இளைஞர்களுக்கு இது விருந்து: தொடக்க இன்னிங்ஸ்களிலேயே இடம் கிடைக்கும். ஆனால் எதிரணியிலும் மூத்தவர்கள் போயிருப்பார்கள். அந்த இரண்டு வாரப் புள்ளிவிவரத்தை இன்னும் ஒரு படி கழித்துப் பாருங்கள். மார்ச் 18க்குப் பிறகு வரும் ஒரு வாரமே உண்மையான தேர்வு.

சென்னையில் பார்க்க முடியுமா? எத்தனை மணிக்கு?
— சென்னை

பெரும்பாலான ஆட்டங்கள் அங்கே பகல் 1.05க்கு. அமெரிக்காவில் மார்ச் 8 அன்று கடிகாரத்தை மாற்றுவார்கள். அதுவரை நமக்கு இரவு 11.35, அதன்பின் 10.35. முழுதாகப் பார்க்க வேண்டியதில்லை, முதல் நான்கு இன்னிங்ஸ் போதும். எல்லா முகாம் ஆட்டமும் ஒளிபரப்பாகாது, வெளியூர் ஆட்டங்களுக்கு வானொலி மட்டுமே இருக்கும் நாளும் உண்டு.

மார்ச் விடுமுறையில் குழந்தைகளோடு ஜூபிட்டர் போகிறோம். எந்த ஆட்டத்துக்கு டிக்கெட் எடுப்பது?
— பால்வின், மிசௌரி

உள்ளூர் ஆட்டத்துக்கு எடுங்கள். வெளியூர் போகும் அணி நான்கு நிலையான வீரர்களையாவது கூட்டிப்போக வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைத் தாண்டி யாரையும் எதிர்பார்க்க முடியாது. ஒரே நாளில் இரண்டாகப் பிரிந்து இரண்டு இடத்தில் ஆடும் நாள்களும் அட்டவணையில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நாளைத் தவிர்த்தால் நல்லது. இளைஞர்களை மட்டுமே பார்க்க வேண்டுமென்றால் அதையே எடுங்கள்.

கையெழுத்து வேண்டுமென்றால் முதல் பந்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். நீல மையில் எழுதும் பால்பாயின்ட் பேனா, வெள்ளைப் பந்து. மார்க்கர் பேனா பந்தின் தோலில் ஊறிப் பரவிவிடும். ஆறாவது இன்னிங்ஸ் வந்ததும் இடத்தைவிட்டு எழுந்து, வெளியேறும் வீரர்கள் போகும் வேலிப்பக்கம் நில்லுங்கள். 70க்கு மேல் எண் போட்டவர்கள்தான் நின்று பேசுவார்கள். ஏப்ரல் வரை தங்குவதாக இருந்தால், அதே மைதானத்தில் மாலையில் கார்டினல்ஸின் மைனர் லீக் அணியான பாம் பீச் கார்டினல்ஸ் ஆடுவார்கள். கூட்டம் இருக்காது, குழந்தைகள் வேலியோரம் ஓடி விளையாட இடமும் கிடைக்கும். ஃப்ளோரிடா வெயிலுக்குத் தொப்பி கட்டாயம். பைக்கு அளவுக் கட்டுப்பாடு இருப்பதால் கிளம்பும் முன் மைதானத்தின் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.